இரண்டு குமிழ் வைத்த பெட்டி

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருக்கிற அந்த நட்டு போல்ட் ஆலைக்கு வெளியிலிருந்து யார் போன் செய்தாலும் முதலில் எடுப்பது துளசிராமன்தான். பதினாலு வருஷமாக அப்படித்தான். "வணக்கம், யார் வேணும்?" என்று அவன் கேட்கிற தோரணையில், சண்டை போடப் போன் செய்தவன்கூட ஒரு நொடி தயங்கி, "சார், கொஞ்சம் ஸ்டோர்ஸ் குடுங்க" என்று இறங்கி வந்துவிடுவான். முதலாளியை நேரில் பார்த்திராத லாரி புக்கிங்காரர்கள் பலபேர் துளசிராமனைத்தான் முதலாளி என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த நினைப்பைக் கெடுக்க அவனும் ரொம்ப மெனக்கெட்டதில்லை.

நாலு வயசில் தட்டம்மை வந்து பார்வை போனது. ஆர்.கே.பேட்டைப் பக்கம் நெல் விளைகிற குடும்பம். உட்காரவைத்துச் சோறு போடுகிறோம் என்றார்கள், அவனுக்கு உட்காரப் பிடிக்கவில்லை. பூந்தமல்லியில் பள்ளிப் படிப்பு, பிறகு டெலிபோன் ஆப்பரேட்டர் பயிற்சி, இருபது வயசில் இந்த ஆலை. எதையும் தோண்டித் துருவிக் கேட்கிற புத்தி மட்டும் கூடப் பிறந்தது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் என்ன வேலை செய்கிறார், பையில் என்ன இருக்கிறது, அதை ஏன் அந்தக் கடையில் வாங்கினார் என்று இவன் கேட்டு முடிப்பதற்குள் அந்த மனிதர் இறங்கவேண்டிய ஸ்டாப் போயிருக்கும். "ஊர்ல எவன் ஊட்ல இன்னா கொழம்புன்னு கூட உனக்குத் தெரியணும்" என்பாள் மனைவி கல்பனா. அவள் சொன்னதில் பொய் இல்லை.

2007 மார்ச்சில் ஆலை பழைய டெலிபோன் போர்டைத் தூக்கிவிட்டுப் புதுசு வைத்தது. மூன்று இலக்க நம்பரெல்லாம் நாலு இலக்கமாயின. அதுவரை முந்நூற்றுச் சொச்சம் நம்பரும் துளசிராமனின் மண்டைக்குள் இருந்தன. இப்போது அவை கம்ப்யூட்டருக்குள் குடிபோய்விட்டன, வாரா வாரம் மாறவும் செய்தன. போதாக்குறைக்கு, வருகிற ஒவ்வொரு போனையும் யார் செய்தது, யாருக்கு, எத்தனை மணிக்கு என்று கம்ப்யூட்டரில் அடித்துவைக்கவும் வேண்டுமாம்.

பர்சனல் மேனேஜர் அரசப்பன் அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் கெட்ட செய்தி சொல்வதற்கு முன்னால் டீ வாங்கிக் கொடுக்கிற பழக்கம் உள்ளவர். டீ வந்ததுமே துளசிராமன் எதற்கும் தயாராகிக்கொண்டான்.

"துளசிராமன், உங்கள வேலைய விட்டு அனுப்பப் போறதில்ல, பயப்படாதீங்க. பேக்கிங் செக்‌ஷன்ல வாஷர் எண்ணிப் போடற வேல இருக்கு. சம்பளம் அதே தான்."

"போர்டுலயே இருந்து பாக்கறேன் சார்."

"எப்படிப் பாப்பீங்க?" என்று கேட்டுவிட்டு, கேட்டிருக்கக் கூடாது என்று தோன்றி அரசப்பன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "சரி. அடுத்த மாசம் கடைசி வெள்ளிக்கெழம. ஒரு மணி நேரம் நான் பக்கத்துல உக்காந்துக்கறேன். நீங்க போர்டப் பாருங்க. முடிஞ்சா அது உங்களுது. முடியலன்னா பேக்கிங்."

சம்பளம் குறையாது, உண்மைதான். ஆனால் காலையிலிருந்து சாயந்தரம்வரை ஒரு புதுக் குரல்கூட வராத மூலையில் வாஷர் எண்ணிக்கொண்டு கிடப்பதை நினைத்தபோது துளசிராமனுக்கு அழுகையே வந்துவிட்டது. ஊர் உலகமெல்லாம் அவனிடம் வந்து போனது அந்தப் போர்டு வழியாகத்தான்.

ஆலையின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டவன் அர்ஷத். பழவேற்காட்டில் நண்டும் இறாலும் வாங்கி விற்கிற குடும்பம். வியாபாரமே வேண்டாம் என்று கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்தவன், ஆனால் ஒரு பேனா வாங்கினாலும் பேரம் பேசாமல் வாங்கமாட்டான். திரையில் இருப்பதை இங்கிலீஷில் வாசித்துச் சொல்லும் மென்பொருள் ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது என்று கண்டுபிடித்து துளசிராமனின் கம்ப்யூட்டரில் போட்டுக்கொடுத்தது அவன்தான். வாசித்துச் சொன்ன குரல் மூக்கால் பேசுகிற வெள்ளைக்காரனின் குரல். துளசிராமன் அதற்கு 'துரை' என்று பெயர் வைத்தான். இரண்டே வாரத்தில் துரையை முழு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கப் பழகிவிட்டான். மற்றவர்கள் காதுக்கு அது எண்ணெயில் கடுகு வெடிக்கிற மாதிரி இருந்தது. அவனுக்கு ஒவ்வொரு பெயரும் நம்பரும் தனித்தனியாக விழுந்தன.

லாரி வராத நேரத்தில்தான் அப்படி. ஆலையில் அவன் அறை கேட்டை ஒட்டி இருந்தது. கம்பிச் சுருள் ஏற்றிய லாரி உள்ளே நுழையும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடி அதிரும். ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து ஹெட்போனுக்கு வந்த சத்தமோ சோகை பிடித்த சத்தம். முழுக்க ஏற்றி வைத்தால் கரகரவென்று உடைந்தது. போதாததற்கு தலையில் இரண்டு வளையம் வேறு: போனுக்கான ஒற்றைக் காது ஹெட்செட் இடது பக்கம், அதற்கு மேல் கம்ப்யூட்டர் ஹெட்போனைக் கோணலாக இழுத்து வலது காதில். குனிந்தால் ஒன்று விழும், நிமிர்ந்தால் இன்னொன்று.

"தலய விடு துளசிண்ணா, அது அப்புறம். மொதல்ல சத்தத்தப் பாப்போம்" என்றான் அர்ஷத். "ஹெட்போனுக்குன்னே தனியா ஆம்ப்ளிஃபயர் கீது. கம்ப்யூட்டர்லேர்ந்து வர்ற சத்தத்த வாங்கி, ஒடையாம பெருசாக்கிக் குடுக்கும்."

அவ்வளவுதான், துளசிராமனுக்குள் இருந்த கேள்வி மூட்டை அவிழ்ந்துகொண்டது. சத்தத்தைப் பெரிசாக்கினால் கூடவே இரைச்சலும் பெரிசாகாதா? கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒன்று இருக்கும்போது வெளியில் எதற்கு இன்னொன்று? பாட்டுக்கு நல்லதென்றால் பேச்சுக்கும் நல்லதா? அர்ஷத் டீ குடிக்கப் போனாலும் நாஷ்டாவுக்குப் போனாலும் கேள்விகள் பின்னாலேயே போயின. கடைசியில் தாங்கமுடியாமல் பஜாரில் இருந்த பிரவுசிங் சென்டருக்கு அவனைக் கூட்டிப்போய், வெளிநாட்டுக்காரர்கள் இன்டர்நெட்டில் எழுதியிருந்ததை வாய்விட்டு வாசித்துக் காட்டினான்.

"இந்த மாடல்ல சத்தம் சூடா இருக்குமாம்."

"தொட்டா சுடுமா?"

"இல்லண்ணா, கேக்கறதுக்கு. அடுத்தத பாரு, இதுல சத்தம் கொஞ்சம் இருட்டா இருக்கும்னு போட்டுகீறான்."

துளசிராமன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். "இருட்டா? எனக்குத் தெரியாத இருட்டாபா அது? நல்லா படி, இன்னும் இன்னா எழுதிகீறான்?"

பக்கத்துக் கம்ப்யூட்டரில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அவன் கிண்டலுக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டான். சத்தத்தை வெளிச்சம், இருட்டு என்று பிரிக்கிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள் என்பது அவனுக்கு ஒரு வாரத்துக்குப் போதுமான ஆச்சரியம். எழுதியவர்கள் எல்லாரும் ஒன்றில் மட்டும் ஒத்துப்போனார்கள்: இரண்டு காதுக்கும் சத்தம் இம்மி பிசகாமல் சமமாக வரவேண்டும், அதுதான் நல்ல ஆம்ப்ளிஃபயருக்கு அடையாளம். இதை அவன் வேதவாக்காக எடுத்துக்கொண்டான்.

கல்பனா தன் பங்குக்கு ஒரு விதி போட்டாள். "ஆயிரத்து ஐநூறு. அதுக்கு மேல வேணும்னா உன் துரையக் கேளு."

ஏப்ரல் இரண்டாவது சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு, அர்ஷத்தோடு யூனிட் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கி, எலக்ட்ரானிக் சாமான் விற்கிற ரிச்சி தெருவுக்குப் போனான். வழியெல்லாம் அர்ஷத் பாடம் நடத்திக்கொண்டே வந்தான். "பொருள் புடிச்சிருந்தாலும் மூஞ்சில காட்டிடாதண்ணா. நீ வாயே தொறக்காத. உன் சட்டக்கைய நான் இழுத்தா வேணாம்னு அர்த்தம். மத்தத நான் பேசிக்கறேன்."

முதல் கடையில் ஒரு சின்னப் பெட்டியைக் காட்டினார்கள், கம்ப்யூட்டரின் யு.எஸ்.பி. ஓட்டையில் நேராகச் செருகுவது. கடைக்காரர் குத்துப்பாட்டு ஒன்றைப் போட்டார். "பாஸ் எப்படி தூக்குது பாருங்க சார்!" துளசிராமன் சட்டைப் பையிலிருந்து தன் சி.டி.யை எடுத்து நீட்டினான். ஆலையின் டெலிபோன் நம்பர்களைத் துரை முழு வேகத்தில் வாசித்ததைப் பதிவு செய்த சி.டி. கடைக்காரர் அரை நிமிஷம் கேட்டுவிட்டு வருத்தமாகச் சொன்னார்: "சி.டி. கீறல் விழுந்துருக்கு சார். சுத்துது."

"இல்லீங்க, நல்லாத்தான் போவுது. இப்பதான் ஹீட் ட்ரீட்மென்ட் செக்‌ஷன் முடிஞ்சுது."

சத்தம் சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பெட்டியில் தொட்டுத் திருப்ப ஒன்றுமே இல்லை. சத்தத்தை ஏற்றுவதும் இறக்குவதும் திரையில்தான். துரையின் சத்தம் சுத்தமாக இறங்கிப்போனால் அதை ஏற்றத் துரையையேதான் கேட்கவேண்டும், அவர் பேசினால்தானே? வேண்டாமென்று விட்டார்கள்.

இரண்டாவது கடையில் வெளிநாட்டுச் சாமான். விலை கல்பனாவின் விதியைத் தாண்டியிருந்தாலும், எப்படித்தான் இருக்கிறதென்று கேட்டுப் பார்க்காமல் வர துளசிராமனுக்கு மனசு வரவில்லை. துரையின் குரல் கம்பளி போர்த்திக்கொண்ட மாதிரி மொத்தையாக வந்தது. 'ஃபிஃப்டி'யில் இருந்த 'ஃபி' எது, 'சிக்ஸ்டி'யில் இருந்த 'சி' எது என்று பிரியவில்லை. ஓஹோ, இருட்டு என்று எழுதியிருந்தது இதைத்தானா என்று நினைத்துச் சந்தோஷப்பட்டான். வாங்கவில்லை, ஆனால் வந்ததற்கு ஒன்றைத் தெரிந்துகொண்டாயிற்று.

வெயிலில் ஏறி இறங்கி அர்ஷத்துக்கு பேஜாராகிவிட்டது. கடைசியாக ஒரு மாடிப்படியின் திருப்பத்தில், ஒரு மேஜை போடுகிற அளவு இடத்தில் கையாலேயே ஆம்ப்ளிஃபயர் செய்து விற்கிற ஜெகன் என்பவனிடம் போனார்கள். ஈயம் உருகும் வாசனையில் துளசிராமனுக்கு அந்த இடம் உடனே பிடித்துவிட்டது. ஜெகன் ஒரு அலுமினியப் பெட்டியை அவன் கையில் வைத்தான். பின்பக்கம் உள்ளே வர இரண்டு சாக்கெட், முன்பக்கம் ஹெட்போன் ஓட்டை, அதன் இரண்டு பக்கமும் ஒவ்வொரு குமிழ்.

சி.டி. ஓடியது. துரை இவ்வளவு சுத்தமாகப் பேசி அவன் கேட்டதே இல்லை. 'எஸ்' 'எஸ்'ஸாக இருந்தது, 'எஃப்' 'எஃப்'பாக இருந்தது. சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துப் பார்க்கலாம் என்று இடது குமிழைத் திருப்பினான். இடது காதில் மட்டும் துரை அடங்கிப்போனார். வலது காதில் பேசிக்கொண்டே இருந்தார்.

"அது ஒரு குறை சார்" என்றான் ஜெகன், ஒளிக்காமல். "ரெண்டு பக்கமும் சேந்தாப்பல ஏத்தி எறக்கறதுக்கு டபுள் நாப் போடணும். அது அன்னிக்கு ஸ்டாக் இல்ல, வெலயும் ஜாஸ்தி. சிங்கிள் நாப் ரெண்டு போட்டு முடிச்சிட்டேன். ரெண்டு பேரு வாங்கினு போயி, ரெண்டு காதுக்கும் சமமா வெக்கவே முடியலன்னு திருப்பிக் குடுத்துட்டாங்க."

அர்ஷத் சட்டைக்கையை இழுத்தான். துளசிராமன் வலது குமிழைத் திருப்பினான். வலது காது அடங்கியது, இடது காது அப்படியே இருந்தது. மறுபடி இடது. மறுபடி வலது. அர்ஷத் சட்டை கிழிகிற அளவுக்கு இழுத்தான். இத்தனை நாளும் இரண்டு காதுக்கும் சமமாக வரவேண்டும், சமமாக வரவேண்டும் என்று ஊரான் சொன்னதைப் பிடித்துக்கொண்டு அலைந்தோமே என்று துளசிராமனுக்குத் தன் மேலேயே சிரிப்பு வந்தது. பாட்டுக் கேட்கிறவனுக்குத்தான் இரண்டு காதும் ஒரே வேலை செய்யவேண்டும். அவனுக்கு இரண்டு காதுக்கும் இரண்டு வேலை.

"அட! இதான்யா எனக்கு வேணும்! இதத்தான் தேடிகினு இருந்தேன்!" என்று கத்தியேவிட்டான்.

அர்ஷத் சட்டையை விட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டான். பழவேற்காட்டில் அவன் குடும்பத்தார் யாராவது அங்கே இருந்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள். ஜெகன்தான் பதறிப்போனான். "நல்லா யோசிச்சிக்கோங்க சார், திரும்பி வந்த சரக்கு இது."

"யோசிச்சாச்சு. ஒரு காதுல போனு, ஒரு காதுல துரை. லாரி வந்தா துரைய ஏத்துவேன், பார்ட்டி கத்துனா பார்ட்டிய எறக்குவேன். தலையில ஒரே வளையம். புரியுதா அர்ஷத்து?"

ஒரு நிமிஷம் கழித்துதான் அர்ஷத்துக்குப் புரிந்தது. புரிந்தவுடன் அவன் செய்த முதல் காரியம், திரும்பி வந்த சரக்குக்கு இந்த விலையா என்று பேரத்தை ஆரம்பித்ததுதான். கல்பனாவின் விதிக்குள் முடித்துவிட்டான்.

ஆலையில் மாட்டியபோது ஒரு புதுத் தொல்லை வந்தது. துரை பேசுவது ஒரே குரல்தான், அதனால் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு ஒயர் போதும், அதை வலது சாக்கெட்டில் கொடுத்தான் அர்ஷத். போன் ஹெட்செட்டின் காது ஒயரைப் பிரித்து இடது சாக்கெட்டில் கொடுத்தான். பேசுகிற மைக் மட்டும் பழையபடி வாய்ப்பக்கம் இருந்தது. இரண்டு ஒயரும் சேர்ந்ததும் 'ம்ம்ம்' என்று ஒரு உறுமல் கிளம்பியது. தனித்தனியாக மாட்டினால் இல்லை. ஏன் என்று துளசிராமன் கேட்ட கேள்விகளுக்குப் பதில் தேடியே அர்ஷத் வழியைக் கண்டுபிடித்தான். போன் லைனும் கம்ப்யூட்டரும் நேராகத் தொட்டுக்கொள்ளக் கூடாது. குப்பையில் கிடந்த பழைய மோடத்திலிருந்து சுண்டைக்காய் அளவு ட்ரான்ஸ்ஃபார்மர் ஒன்றைக் கழற்றி நடுவில் வைத்தான். உறுமல் நின்றது.

மிச்சம் இருந்த பத்து நாளும் பயிற்சி. மதியச் சாப்பாட்டு நேரத்தில் கல்பனா வீட்டுப் பக்கத்துக் கடையின் ஒரு ரூபாய் போனிலிருந்து, குரலை மாற்றிக்கொண்டு விதவிதமாகக் கேட்பாள். "ஹலோ, போல்ட் வாங்கிக்கினு போனோமே, மண்ட கழண்டுக்குது, யாராண்ட பேசணும்?" அவன் இடது காதில் அவளைக் கேட்டுக்கொண்டு, விரலால் பெயரை அடித்து, வலது காதில் துரை சொல்கிற நம்பரைப் பிடிக்கவேண்டும். முதல் நாள் துரை சொன்னதை அவளிடம் ஒப்பித்தான், அவள் சொன்ன புகாரைப் பெயர் என்று கம்ப்யூட்டரில் அடித்தான். ஒயர்களை மாற்றி, போனை வலது பக்கமும் துரையை இடது பக்கமும் போட்டுப் பார்த்தான், சும்மா தெரிந்துகொள்ளத்தான். எதுவும் புரியாமல் கலங்கி, அவசரமாகத் திரும்ப மாற்றினான். எந்தக் காதுக்கு எந்த வேலை என்பதை மண்டை எப்போதோ முடிவு செய்துவிட்டிருக்கிறது. ஏன் என்று கேட்கத்தான் ஆள் இல்லை.

கடைசி வெள்ளிக்கிழமை அரசப்பன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒரு மணி நேரத்தில் நாற்பத்தொரு போன். லாரி வந்தபோது வலது குமிழ் கொஞ்சம் ஏறியது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒருவர் தொண்டை கிழியக் கத்தியபோது இடது குமிழ் கொஞ்சம் இறங்கியது. கேட்ட பெயரில் ஆலையில் இருவர் இருந்தபோது, "ஸ்டோர்ஸ்ல இருக்கறவரா, ஃபோர்ஜிங்கா சார்?" என்று நிதானமாகக் கேட்டான். ஒரே ஒரு இடத்தில் சறுக்கினான். டெல்லியிலிருந்து பேசிய பெண்மணியிடம் "வணக்கம்" என்பதற்குப் பதில், துரை அப்போது சொல்லிக்கொண்டிருந்த "ஃபோர் ஃபோர் டூ செவன்" என்பதைச் சொல்லிவிட்டான். பக்கத்தில் பேனா காகிதத்தில் கீறும் சத்தம் கேட்டது. இரண்டு காதும் வேலையாக இருந்தபோதும் அந்தச் சத்தம் மட்டும் எப்படியோ உள்ளே வந்துவிட்டது.

ஒரு மணி நேரம் முடிந்ததும் அரசப்பன் எழுந்தார். "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். டீ வரவில்லை. அது நல்லதா கெட்டதா என்று சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் துளசிராமன் கல்பனாவைப் படுத்தி எடுத்தான்.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு வலது காதில் துரை, புது மெயில் ஒன்று வந்திருக்கிறது, பர்சனல் டிபார்ட்மென்ட்டிலிருந்து என்றார். துளசிராமனின் கை விசைப்பலகை மேல் அப்படியே நின்றது.

அவனுக்கு வந்த காகிதம் எதையும் அவன் முதலில் அறிந்ததில்லை. பத்தாம் வகுப்பு மார்க்கை ஹாஸ்டல் வார்டன் வாசித்தார். இந்த ஆலையின் வேலை உத்தரவை வாசித்தது கேட்டில் இருந்த வாட்ச்மேன், வாசித்து முடிப்பதற்குள் அவரே "சபாஷ்" என்று சொல்லிவிட்டார். கல்யாணத்துக்கு முன்னால் கல்பனா எழுதிய நாலு கடிதத்தையும் ரூமில் கூட இருந்தவன் இழுத்து இழுத்து வாசித்து, நடுநடுவே சிரித்தான். நல்லதோ கெட்டதோ, அவனுடைய சேதி அவனிடம் வரும்போது இன்னொருவர் வாயில் நனைந்துதான் வந்தது.

என்டரைத் தட்டினான். இரண்டு வரி போனதும் நிறுத்தினான். துரையின் வேகத்தைக் குறைத்தான், பழக ஆரம்பித்த முதல் நாளில் இருந்த வேகத்துக்கு. மறுபடி முதலிலிருந்து விட்டான். திரு. துளசிராமன் அவர்களுக்கு. நாற்பத்தொரு அழைப்புகள். ஒரு தவறு. புதிய போர்டின் ஆப்பரேட்டராக அவர் தொடர்ந்து பணியாற்றுவார்.

சேதி எப்படியோ கசிந்து, அர்ஷத்தும் டெஸ்பாட்ச் கிளார்க்கும் கதவருகில் வந்து நின்றிருந்தார்கள். அவர்களுக்கு ஒரு எழுத்தும் கேட்கவில்லை. துளசிராமனின் கன்னத்தில் கண்ணீர் இறங்குவது மட்டும் தெரிந்தது.

"இன்னாண்ணா வந்துகீது? நல்லதா, கெட்டதா? சொல்லுண்ணா!" என்றான் அர்ஷத்.

துளசிராமன் அவன் பக்கம் கையைத் தூக்கிக் காட்டினான்.

"இருப்பா, படிச்சிக்கினு இருக்கேன்."